என்பி மியாட்டாவுக்கு லோயரிங் ஸ்பிரிங்: எவ்ளோ இறக்கலாம், பழைய ஷாக்கோட போடலாமா?

வளைவுப்பிரியன்:
எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கறது மஸ்டா எம்எக்ஸ்-5 (மியாட்டான்னும் சொல்வாங்க) ரெண்டாவது தலைமுறை, அதாவது 1998ல இருந்து 2005 வரைக்கும் வந்த என்பி. ஸ்பிரிங், ஷாக் எல்லாமே கம்பெனில வந்தது, இதுவரைக்கும் மாத்தவே இல்ல. வளைவுல கொஞ்சம் வேகமா போனா பாடி நல்லா சாயுது, அதோட டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல இருக்கற அந்த இடைவெளிய பார்த்தாலே கார் ஏதோ ஜாக்கில நிக்கற மாதிரி இருக்கு. கார 25 மில்லி இறக்கற ஸ்பிரிங் செட் ஒன்னு, 40 மில்லி இறக்கற செட் ஒன்னு, ரெண்டையும் பார்த்து வச்சிருக்கேன், மனசு 40 பக்கம்தான் போகுது. தினமும் ஓட்டற கார், ட்ராக்குக்கு எல்லாம் போறதில்ல. ஷாக்க மாத்தாம ஸ்பிரிங் மட்டும் போட்டா போதுமா? ப்ரோக்ரெஸிவ் நல்லதா லீனியர் நல்லதா? வீட்லயே நானே மாட்டலாம்னு இருக்கேன், பிரேக் பேடு, டிஸ்க் எல்லாம் நானேதான் மாத்துவேன், அந்த அளவுக்கு கை பழக்கம் உண்டு.

கீழ்விஷ்போன்:
ப்ரோ, 40 வேணாம். இந்த கார்ல பம்ப் ட்ராவல், அதாவது சக்கரம் மேல ஏற இருக்கற இடம், கம்பெனிலயே ரொம்ப கம்மி. ஷாக் தண்டுல மேல ஒரு ஃபோம் கட்டை மாதிரி பம்ப் ஸ்டாப் இருக்கும் பாருங்க, மஸ்டா அதை கடைசி பாதுகாப்புக்குன்னு மட்டும் வைக்கல, நல்ல வளைவுல அதுவும் ஒரு ஸ்பிரிங்கா வேலை செய்யற மாதிரிதான் செட் பண்ணியிருக்காங்க. இதுல நீங்க 40 இறக்கினா கார் கிட்டத்தட்ட அந்த ஃபோம் மேலயே உட்கார்ந்திருக்கற மாதிரிதான். நேர் ரோட்ல தட்டு தட்டுன்னு அடிக்கும், அதை விட மோசம் வளைவுல நடுவுல ஒரு மேடு வந்தா அந்த ஒரு மூலை மட்டும் திடீர்னு கல்லு மாதிரி ஆயிடும், டயர் பிடி விட்டுடும். பின்னாடி அப்படி ஆச்சுன்னா கார் சுத்திடும்.

ஸ்பிரிங் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. கார் தரையில நிக்கும்போது ஷாக்கோட டஸ்ட் பூட்ட (தூசி படாம மூடியிருக்கற உறை) மேல தூக்கிட்டு, பம்ப் ஸ்டாப்போட அடி முனைக்கும் ஷாக் பாடியோட தலைக்கும் நடுவுல எத்தனை மில்லி தண்டு தெரியுதுன்னு அளந்து எழுதுங்க. அப்புறம் தண்டுல ஒரு கேபிள் டைய லேசா கட்டி, ஷாக் பாடிய ஒட்டற வரைக்கும் கீழ இறக்கி விட்டுட்டு வழக்கமா போற ரோட்லயே போயிட்டு வாங்க, ஷாக் அமுங்கும்போது பாடி அந்த டைய மேல தள்ளி வச்சிருக்கும், அதுல இருந்து நீங்க எவ்ளோ ட்ராவல் செலவு பண்றீங்கன்னு தெரிஞ்சிடும். எந்த செட்டுன்னு முடிவு பண்ண வேண்டியது இந்த நம்பர வச்சுத்தான், ஃபெண்டர் இடைவெளிய வச்சு இல்ல.

சீரோ_டோ:
மேல சொன்னது அத்தனையும் சரி. ஷாக் பத்தி நான் சொல்றேன். ஸ்பிரிங் அமுங்கறத ஷாக் கட்டுப்படுத்துது, ஆனா அதை விட முக்கியம் அமுங்கின ஸ்பிரிங் திரும்ப எழும்பும்போது அதை அடக்கறது, ரீபவுண்ட்னு சொல்றோமே அது. ஸ்பிரிங் கடினமா ஆகும்போது எழும்பற வேகமும் கூடும், அதுக்கு ஏத்த ரீபவுண்ட் உங்க பழைய ஷாக்ல இருக்காது, அதுவும் இவ்ளோ வருஷம் ஓடின ஷாக்ல கண்டிப்பா இருக்காது. கார் ஒரு பள்ளம் தாண்டினதும் ரெண்டு மூணு தடவ மேல கீழ ஆடும், நிறைய பேர் அதை "ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தான்"னு நினைச்சு ஓட்டிட்டு இருக்காங்க, அது தப்பு.

என்பில சில வேரியண்ட் கம்பெனிலயே பில்ஸ்டீன் ஷாக்கோட வந்துச்சு, உங்களோடது மஞ்சள்ல இருந்தா அதுவாத்தான் இருக்கும், எண்ணெய் கசியாம நல்லா இருந்தா 25 மில்லி ஸ்பிரிங்குக்கு தாங்கும். சாதா ஷாக்னா காசு சேர்த்து ரெண்டையும் ஒன்னா மாத்துங்க. கோனி கம்பெனியோட மஞ்சள் ஷாக் எனக்கு பிடிக்கும், ரீபவுண்ட திருகி கூட்டி குறைச்சுக்கலாம். ஒரே ஒரு பார்ட்டுக்குத்தான் காசு இருக்குன்னா என் ஓட்டு ஷாக்குக்குத்தான், ஸ்பிரிங்குக்கு இல்ல. புது ஷாக், பழைய ஸ்பிரிங், நல்ல அலைன்மெண்ட், இது மூணும் சேர்ந்தாலே அந்த கார் வேற காரா ஆயிடும்.

ப்ரோக்ரெஸிவா லீனியரான்னா, ப்ரோக்ரெஸிவ்ல சுருள் ஒரு பக்கம் நெருக்கமாவும் இன்னொரு பக்கம் தள்ளியும் இருக்கும், நெருக்கமான சுருள் முதல்ல மூடிக்கும், மீதி சுருள் கடினமா தாங்கும். தினசரி ஓட்ட இது சுகம்தான். ஆனா ரேட், அதாவது ஸ்பிரிங்கோட கடினம், மாறிட்டே இருக்கறதால ஒரே செட்டிங்ல இருக்கற ஷாக் ஒரு இடத்துல பொருந்தும் இன்னொரு இடத்துல பொருந்தாது. வளைவுக்கு நடுவுல கார் என்ன பண்ணும்னு கை முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்னா லீனியர்தான், அதுல ரேட் மாறாது.

தாழ்_தளம்:
நேரா காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரம் மாத்தற செட்) போட்டுடுங்களேன், உயரத்த இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், நாளைக்கு பிடிக்கலைன்னா ஏத்திக்கலாம். இல்லைன்னா பழைய ஸ்பிரிங்லயே ஒரு சுத்து வெட்டி எடுத்துட்டா செலவே இல்ல, ரேட்டும் கூடும்.

கீழ்விஷ்போன்:
@தாழ்_தளம், வெட்டறத தயவு செஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. ரேட் கூடும்கறது உண்மைதான், ஆறு சுத்து வேலை செய்யற ஸ்பிரிங்ல ஒன்ன எடுத்தா 20 சதவீதம் கடினமாகும். ஆனா ஸ்பிரிங்கோட முனை சீட்ல உட்கார்றதுக்குன்னே வடிவமா செஞ்சது, வெட்டின முனை சரியா உட்காராது, சக்கரம் முழுசா தொங்கும்போது ஸ்பிரிங் லூசாகி சீட்ட விட்டு நகரும், திரும்ப தப்பான இடத்துல உட்காரும். கிரைண்டர் சூட்டுல அந்த இடத்துல கம்பியோட பதமும் போயிடும். உடையற பார்ட் இது.

காயிலோவர் நல்லதுதான், நல்ல காயிலோவரா இருந்தா. மலிவானதுல உயரம் மட்டும்தான் அட்ஜஸ்ட் ஆகும், டேம்பிங் (ஆட்டத்த அடக்கறது) நல்ல சாதா ஷாக்க விட கேவலமா இருக்கும். எவ்ளோ வேணா இறக்கலாம்னு கைல கொடுத்துட்டா ஆளும் இறக்கிட்டேதான் இருப்பான்.

வளைவுப்பிரியன்:
அளந்துட்டேன். நின்ன நிலையில முன்னாடி 35 மில்லி தண்டு தெரியுது, பின்னாடி அதை விட கொஞ்சம் ஜாஸ்தி. கேபிள் டை முன்னாடி ரெண்டு பக்கமும் பம்ப் ஸ்டாப் வரைக்கும் போய் ஒட்டிக்கிச்சு! ஒன்னும் இறக்காமலே இப்படியா? ஷாக் கருப்பு கலர், அப்போ பில்ஸ்டீன் இல்ல போல. ஆனா 35 இருக்கு, 40 இறக்கினா மைனஸ்ல போயிடுமா, அது எப்படி அந்த செட்ட விக்கறாங்கன்னு புரியல.

கீழ்விஷ்போன்:
தண்டோட 35ம் சக்கரத்தோட 35ம் ஒன்னு இல்ல. ஷாக் கீழ் ஆர்ம்ல (சக்கரத்த கார் அடிப்பக்கத்தோட இணைக்கற கை) சக்கரத்துக்கு உள்பக்கமா மாட்டியிருக்கு, அதனால சக்கரம் 10 மில்லி ஏறினா ஷாக் சுமார் 7 மில்லிதான் அமுங்கும்னு வச்சுக்கோங்க, கணக்குக்கு. உங்க 35 தண்டு சக்கரத்துல 50 ஆகுது. 25 இறக்கினா மீதி 25 இருக்கும். 40 இறக்கினா மீதி 10 மில்லி, அவ்ளோதான், ஒரு சின்ன மேடுக்கே ஃபோம்ல முட்டும். இப்பவே நீங்க அந்த 50அயும் செலவு பண்ணிட்டு இருக்கீங்க, கேபிள் டை அதைத்தான் காட்டுது, அதனால இறக்கற அளவுக்கு ரேட்டும் கூடினாத்தான் நியாயம். இந்த விகிதம் ரேட்டுக்கு வரும்போது வர்க்கமா வரும், 0.7ன்னா 0.49, அதாவது ஸ்பிரிங் ரேட்ல பாதிதான் சக்கரத்துல தெரியும். ஸ்பிரிங் விளம்பரத்துல போடற நம்பர பார்த்து பயப்பட வேணாம்.

25 செட், புது ஷாக், புது பம்ப் ஸ்டாப். பழைய பம்ப் ஸ்டாப் பொடிப்பொடியா உதிர்ந்து போயிருக்கும், எடுத்து பார்த்தா தெரியும்.

பழைய_ஸ்பேனர்:
மாட்டறத பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். பிரேக் வேலை செஞ்சிருக்கீங்கன்னா உங்களால முடியும், ஆனா ஸ்பிரிங்க அமுக்கிப் பிடிக்கற கம்ப்ரெஸர்ல மட்டும் அவசரமே கூடாது. கொக்கி ரெண்டும் நேர் எதிரெதிரா இருக்கணும், ரெண்டையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும், ஸ்பிரிங் சீட்ட விட்டு லூசாகி கையில ஆடுதுன்னு உறுதியான பிறகுதான் மேல் நட்டுல கை வைக்கணும், அப்பவும் முகம் அந்த தண்டுக்கு நேர் மேல இருக்க வேணாம். புது ஷாக்ல நட்ட போடும்போது இம்பாக்ட் கன் வேணாம், தண்டு சுத்தி உள்ள சீல் போயிடும்.

கார ஸ்டாண்ட்ல நிறுத்திட்டு முதல்ல ஸ்வே பார் (ரெண்டு பக்க சக்கரத்தையும் இணைச்சு சாய்வ குறைக்கற கம்பி) லிங்க்க ரெண்டு பக்கமும் கழட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் கழட்டினா இன்னொரு பக்கம் இழுத்துட்டே இருக்கும், ஆர்ம் கீழ இறங்காது. முன்னாடி மேல் நட்டு ரெண்டும் பானெட் உள்ள. பின்னாடி டிக்கில கார்பெட்ட எடுத்தா தெரியும், பெட்ரோல் ஊத்தற குழாய் இருக்கற பக்கம் ஒரு தகடு மூடியும் கழட்டணும். முன்னாடி ஷாக் வெளிய வர இடம் பத்தாது, மேல் ஆர்மோட நீள போல்ட்ட உருவினா நிம்மதியா வரும், துரு பிடிச்சிருக்கும், முந்தின நாள் ராத்திரியே ஆயில் அடிச்சு ஊற விடுங்க. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாம பார்த்துக்கோங்க. ஷாக்க பிரிக்கறதுக்கு முன்னாடி மேல் மவுண்ட், சீட், கீழ் புஷ் மூணுக்கும் எது எந்த பக்கம்னு பெயிண்ட்ல கோடு போட்டுடுங்க, இல்லைன்னா திரும்ப மாட்டும்போது ஓட்டைக்கு ஸ்டட் நேரா வராம கஷ்டப்படுவீங்க.

இப்போ ரொம்ப முக்கியமானது. ஆர்ம் போல்ட் எதையும் சக்கரம் தொங்கும்போது முழுசா டைட் பண்ணாதீங்க. அந்த ரப்பர் புஷ் முறுக்கி வேலை செய்யறது, தொங்கற நிலையில இறுக்கினா கார் கீழ வந்ததும் எப்பவும் முறுக்கின நிலையிலயே இருந்து சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பா காட்டும். நீங்க கழட்டாத கீழ் ஆர்ம் போல்டையும் லூஸ் பண்ணி, கார் தன் எடையில உட்கார்ந்த பிறகு டைட் பண்ணுங்க. அது கேம் போல்ட், அதாவது திருகினா சக்கர கோணம் மாறற போல்ட், இந்த கார்ல மொத்தம் எட்டு இருக்கு, இருந்த இடத்த மார்க் பண்ணி வச்சாலும் எப்படியும் அலைன்மெண்ட் பண்ணித்தான் ஆகணும், ஏன்னா இறக்கினதுலயே கேம்பர் (சக்கரத்தோட சாய்வு) நெகட்டிவ் பக்கம், அதாவது மேல்பக்கம் உள்ள சாய்ஞ்சு, போயிருக்கும், டோவும் (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளயா வெளியயா திரும்பியிருக்குங்கறது) மாறியிருக்கும்.

சீரோ_டோ:
அலைன்மெண்ட்ட அன்னைக்கே பண்ணிடாதீங்க, நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்காரட்டும், ஆனா அதுவரைக்கும் வேகமா ஓட்ட வேணாம். ரோட்டுக்கு முன்னாடி கேம்பர் மைனஸ் 1 டிகிரி, பின்னாடி மைனஸ் ஒன்றரை, முன் டோ சைபர், பின்னாடி துளி டோ-இன், காஸ்டர் (சக்கரம் திரும்பற அச்சோட பின்பக்க சாய்வு) ரெண்டு பக்கமும் சமமா எவ்ளோ கிடைக்குதோ அவ்ளோ. நீங்க வழக்கமா தனியா ஓட்டுவீங்கன்னா உங்க எடைக்கு டிரைவர் சீட்ல ஏதாவது வச்சு பண்ண சொல்லுங்க, ஒரு டன் சொச்சம்தான் கார், அந்த எடை நம்பர்ல தெரியும். ஹெட்லைட்டையும் செட் பண்ணிடுங்க.

வளைவுப்பிரியன்:
சரி, 25 லீனியர் செட், கோனி, புது பம்ப் ஸ்டாப், முடிவாயிடுச்சு. மேல் மவுண்ட்டும் புதுசு வாங்கணுமா?

பழைய_ஸ்பேனர்:
ரப்பர் வெடிக்காம இருந்தா அதையே போடுங்க. என்பி மவுண்ட் பழைய என்ஏவோடத (முதல் தலைமுறை) விட அதிக ட்ராவல் கொடுக்கும், என்ஏக்காரங்களே இதைத்தான் தேடி வாங்கி போடறாங்க. பிரிச்சதும் ஒரு போட்டோ போடுங்க, பார்த்து சொல்றேன்.