புதுப்பிப்பு: எங்கள் சபையின் இணையதளம், நீங்கள் சொன்ன பிறகு

காசிமேட்டில் இருக்கும் எங்கள் சின்னச் சபைக்கு நான் செய்த இணையதளத்தைக் காட்டி, டிசைன் எப்படி இருக்கிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பாதிப்பேர் "ஆராதனை நேரம் எங்கே?" என்றே கேட்டீர்கள். பெரிய சிலுவைப் படத்துக்கு வெகு கீழே கிடந்தது. இப்போது நேரம், வழி, பாஸ்டரின் போன் நம்பர் மூன்றும் திறந்தவுடன் தெரிகின்றன.

வெளிர்சாம்பல் எழுத்தை மாற்றச் சொன்னவருக்குத் தனி நன்றி. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்ற அணுகல்தன்மை (பார்வை குறைந்தவர் உட்பட எல்லோரும் பயன்படுத்த முடிவது) அளவுகோலில் அது தேறவில்லை. கருநீலமாக்கினேன். துறைமுகத்து வெயிலில் நின்றே படிக்க முடிகிறது என்று ஒரு மீனவ அண்ணன் சொன்னபோது மனசு நிறைந்துவிட்டது.

வசனங்களைப் படமாகப் போட்டது பெரிய தப்பு. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளுக்கு அதில் படிக்க எழுத்தே இல்லை. எல்லாவற்றையும் எந்தக் கருவியும் தமிழாகவே அறியும் யூனிகோடு எழுத்தில் அடித்துவிட்டேன். பாட்டுத் தாள்கள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்ததால் மாற்றிச் சரிபார்க்க மூன்று இரவு பிடித்தது.

காணிக்கைப் பொத்தானை மட்டும் முதல் பக்கத்தில் வைக்கவில்லை. சிலர் கேட்டீர்கள், ஆனால் முதன்முறை வருகிறவர் கண்ணில் முதலில் பணம் படக் கூடாது. கமிட்டியும் ஒப்புக்கொண்டது.