தோப்பு வருமானத்தில் ஊருக்குப் பங்கு உண்டா?

மேலூர்_கண்மாய்:
கொட்டாம்பட்டிக்கும் நத்தத்துக்கும் இடையில் எங்கள் அம்மா ஊர். கடலையும் சோளமும் விளைந்த மானாவாரிக் காட்டை வெளியூர் கம்பெனி ஒன்று துண்டு துண்டாக வாங்கி, கம்பி வேலி போட்டு, அடர் நடவில் மா வைத்திருக்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் இருக்கும். கோயில் திருவிழாவுக்குப் பணம் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஃபேன் மாட்டினார்கள். ஊருக்குச் சந்தோஷம். எனக்கு நெருடுகிறது. நன்கொடையை அடுத்த வருடம் நிறுத்திவிடலாம். பங்கு என்றால் எழுத்தில் இருக்கும். கண்மாயில் மீன்பாசி ஏலம் போனால் பணம் ஊர்ப் பொதுவுக்குத்தானே வருகிறது?

நத்தம்_தோட்டக்காரர்:
தம்பி, நான் பன்னிரண்டு ஏக்கர் மா வைத்திருப்பவன், கம்பெனி இல்லை. கண்மாய் பொதுச் சொத்து, தோப்பு பட்டா நிலம். இரண்டும் ஒன்றாகாது. ஒட்டுக்கன்று வைத்துக் காய் பார்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், அதுவரை செலவுதான். பூ எடுக்கும்போது தத்துப்பூச்சி விழுந்தால் அந்த வருடமே போச்சு. கூழ் ஆலைக்காரர் கல்லாமை ரக மாங்காய்க்குச் சொல்கிற விலையில் பறிகூலியும் வண்டி வாடகையும்கூடத் தேறாத வருடங்களைப் பார்த்திருக்கிறேன். நஷ்டத்திலும் ஊர் பங்கு எடுத்துக்கொள்ளுமா? நிலத்தை விற்றவர்களும் காசு வாங்கித்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

மேலூர்_கண்மாய்:
சரிதான் அண்ணே. லாபத்தில் பங்கு கேட்டால் கம்பெனி வருடா வருடம் நஷ்டக் கணக்குதான் காட்டும். நான் கேட்பது தண்ணீருக்கு. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். அந்த வேலிக்குள் ஏழு போர்வெல் ஓடுகிறது. மாமா கிணற்றில் சித்திரையிலும் தண்ணீர் கிடக்கும். இப்போது மாசியிலேயே பாறை தெரிகிறது. மண்ணுக்குப் பட்டா இருக்கிறது, அடியில் ஓடும் ஊற்றுக்கு யார் பட்டா கொடுத்தது?

கிடைக்காரர்_மகள்:
இரண்டு பேருமே பட்டா வைத்திருப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எங்கள் அப்பா ஆடு வைத்திருக்கிறார். கடலை பிடுங்கிய காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவோம். புழுக்கை காட்டுக்காரருக்கு உரம், எங்களுக்குக் கிடைக்கூலி. வேலி வந்ததும் அது நின்றுபோனது. காலனிப் பெண்களுக்குக் களை வெட்ட, கடலை பிடுங்க, ஆய என்று தொடர்ந்து வேலை இருந்தது. மாவுக்குச் சொட்டுநீர், களைக்கு டிராக்டர், காய் பறிக்க லாரியில் வெளியூர் ஆட்கள். விற்றவருக்குக் காசு வந்தது. விற்க நிலமே இல்லாதவருக்கு என்ன வந்தது? திருவிழாவுக்குப் பணம் கொடுத்தார்கள் என்கிறீர்கள். அந்தக் கோயிலுக்குக் காலனியில் வரி வாங்குவதே இல்லை. ஊர் என்றால் யார் யார் என்று முதலில் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி_வக்கீல்:
சட்டத்தை நம்பி இருக்காதீர்கள். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காபி, ரப்பர் போன்ற எஸ்டேட்டுகளைத்தான் மனதில் வைத்தது. வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் அங்கே முதலாளியின் கடமை என்றது. மாந்தோப்புக்கு அது வரவில்லை. 2019-இல் தமிழ்நாடு கொண்டுவந்த ஒப்பந்தப் பண்ணையச் சட்டமும் விளைவிப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலானது. கூலிக்காரர் அதில் இல்லை. ஆனால் கம்பெனி லாரி ஊர் வண்டிப்பாதையில்தானே போகிறது? பேச உட்கார அது ஒரு பிடி. உட்காரும்போது காலனியிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும்.

நத்தம்_தோட்டக்காரர்:
தங்கச்சி சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. நானும் பறிப்புக்கு வெளியூர் ஆட்களைத்தான் கூப்பிடுகிறேன். தொரட்டியில் வலை கட்டிக் காம்போடு இறக்கத் தெரிய வேண்டும், பால் பட்டால் தோல் கறுத்துவிடும். பழகிய ஆள் இங்கே கிடைப்பதில்லை. கிடை போடவும் எனக்குத் தடையில்லை, இளங்கன்றைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பொதுவுக்குப் பணம் கட்டு என்றால் கட்ட மாட்டேன்.

கிடைக்காரர்_மகள்:
பணம் வேண்டாம் அண்ணே. பறிப்பும் கிளை கழிக்கும் கவாத்தும் காலனிப் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுங்கள், வெளியூர் ஆளுக்குக் கொடுக்கிற கூலியையே கொடுங்கள். காய் இறங்கியதும் அப்பா கிடையோடு வருவார். கம்பெனி மேனேஜரிடம் கூட்டிப் போய்க் காட்ட எங்களுக்கு ஒரு தோப்பாவது வேண்டும்.

நத்தம்_தோட்டக்காரர்:
ஆடியில் வரச் சொல்லும்மா. ஒரு ராத்திரிக்கு என்ன கிடைக்கூலி என்று அப்பாவைக் கேட்டுச் சொல். போர் விஷயத்தில் மேலூர்த் தம்பியோடு எனக்கு இன்னும் வாக்குவாதம் இருக்கிறது.