பங்குக் குதிரை: வாரம் 3 நாள் ஏறுகிறவர் செலவில் பாதி தரணுமா?

பிடரி:
விஷயம் இதுதான். குதிரை ஒருவருடையது. இன்னொருவர் வாரம் 3 நாள் ஏறப் போகிறார். லாய வாடகையிலிருந்து மருத்துவர் பில் வரை எல்லாவற்றிலும் நேர்பாதி கேட்கிறார் உரிமையாளர். அது நியாயமில்லை என்பது என் கட்சி. செலவை மூன்றாகப் பிரிக்கணும். வாடகை, புல், படுக்கை வைக்கோல், தடுப்பூசி, குடற்புழு மருந்து, பல் ராவுதல் (கூர்முனைகளை அரத்தால் தேய்ப்பது) எல்லாம் குதிரை சும்மா நின்றாலும் வரும். இதில் ஏழில் மூன்று பங்கு தரலாம். லாடமும் சேணத் தேய்மானமும் ஏறுவதால் வருவது, ஏறும் மணிக்கணக்குப்படி. குதிரைக்கான காப்பீடு, அறுவை சிகிச்சை, வயதான காலப் பராமரிப்பு மூன்றும் உரிமையாளர் பொறுப்பு. விற்றால் காசு யாருக்கோ, சுமையும் அவருக்கே.

லாயத்துக்காரர்:
அந்த ஏழு எங்கேயிருந்து வந்தது? வேலை செய்கிற குதிரைக்கு வாரத்தில் ஒரு நாளாவது சேணம் போடாத நாள் வேணும். மிச்சம் 6. ஆளுக்கு 3 நாள். அப்போ பாதி என்பது சரியான கணக்குதானே? ஓய்வு நாளை உரிமையாளர் பெயரில் எழுதிவிட்டு, 'நீங்க நாலு, நான் மூணு' என்று பேசுவது வசதியாகத்தான் இருக்கும். அந்த நாளிலும் 500 கிலோ குதிரை 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் தின்னும், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கும், லத்தி போடும். அதை யார் அள்ளுவது?

பிடரி:
அங்கேதான் நானும் வருகிறேன். பாதிப் பணம் கேட்டால் பாதி வேலைக்கு மேல் கேட்கக் கூடாது. பல ஒப்பந்தங்களில் பங்குதாரர் காசும் தருவார், தன் 3 நாளும் காலையில் லாயமும் கூட்டுவார், சேணமும் துடைப்பார். அந்த உழைப்புக்கு வரவு வைப்பதே இல்லை. ஓய்வு நாளை இருவருக்கும் பொது என்கிறீர்களா, சரி, அன்றைய வேலையும் வாரம் மாற்றி வாரம் வரட்டும்.

கருங்குளம்பு:
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு திருத்தம். லாடத்தை 'ஏறும் செலவு' என்று எழுதியது தவறு. குளம்பு மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், ஏறினாலும் ஏறாவிட்டாலும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்கிறோம். இரும்பு தேயாமலிருந்தால் அதே லாடத்தையே திருப்பி அடிக்கலாம். சீவுகிற கூலி எப்படியும் உண்டு. ஆக அது நிலையான செலவு. ஒருவர் மட்டும் தார்ச்சாலையில் ஓட்டி லாடம் சீக்கிரம் தேய்ந்தால், புது இரும்புக்கான வித்தியாசத்தை அவர் தரட்டும்.

இன்னொன்று: 'யார் ஏறும்போது லாடம் கழன்றதோ அவர் கட்டணும்' என்ற விதி வேண்டவே வேண்டாம். லாட ஆணியின் மடித்த முனை முன்பே தளர்ந்திருக்கும், அல்லது பின்கால் முன்காலின் லாடத்தை மிதித்து இழுத்திருக்கும். பெரும்பாலும் மேலே உட்கார்ந்தவர் செய்த தப்பே இல்லை. அப்படி விதி போட்டால், தளர்ந்த லாடத்தைப் பார்த்தும் சொல்லாமல் அடுத்தவர் நாளுக்குத் தள்ளிவிடுவார்கள்.

லாயத்துக்காரர்:
லாட விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருத்துவச் செலவில் பங்குதாரர் முழுசாக ஒதுங்குவது எப்படிச் சரி? தீவன அறைக் கதவைத் திறந்து போட்டுப் போனால், குதிரை மூட்டைத் தானியத்தையும் தின்று குளம்பழற்சியில் படுக்கும். அதையும் உரிமையாளர்தான் கட்டணுமா?

மருந்துப்பை:
அது அப்பட்டமான கவனக்குறைவு. தனி வரியாக எழுதிவைக்கலாம். ஆனால் வயிற்றுவலியை அப்படி யார் தலையிலும் கட்ட முடியாது. இன்றைக்கு வயிற்றுவலியில் உருளுகிற குதிரைக்குக் காரணம் முந்தாநாள் புல்லைத் திடீரென மாற்றியதாகவும் இருக்கலாம், தண்ணீர் குறைவாகக் குடித்ததாகவும் இருக்கலாம். தீவனம் மாற்றினால் 7 முதல் 10 நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றணும். இருவரும் ஆளுக்கொரு பக்கம் 'சத்துக்கு' என்று எதையாவது சேர்த்தாலும் வயிறு கெட்டுப்போகும். தீவனத்தை ஒருவர்தான் முடிவு செய்யணும்.

காசை விட முக்கியமான கேள்வி: உரிமையாளர் போன் எடுக்காதபோது மருத்துவரைக் கூப்பிட பங்குதாரருக்கு அதிகாரம் உண்டா? எந்தத் தொகை வரைக்கும்? அறுவை சிகிச்சைக்கு ஆமா, இல்லையா? குடல் முறுக்கில் சில மணி நேரத் தாமதமே குதிரையைக் கொன்றுவிடும். இதைக் கையெழுத்தோடு லாயத்திலேயே ஒட்டிவைக்கணும்.

பிடரி:
அது சரி. நொண்டினால்? தசைநாண் காயம் என்றால் 6 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஏற முடியாது. அத்தனை மாதமும் பங்கு கட்டச் சொல்வீர்களா?

லாயத்துக்காரர்:
நல்ல நாளுக்கு மட்டும்தான் பங்கா? உரிமையாளர் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

பிடரி:
முடியாது, அவர்தான் உரிமையாளர். முதல் 4 வாரம் முழுப் பங்கு, அதற்குப் பிறகு பங்குதாரர் கையில் பிடித்து நடத்துவது, கட்டு மாற்றுவது என்று வேலையில் நின்றால் பணம் பாதியாகக் குறையட்டும். விலக நினைத்தால் ஒரு மாத முன்னறிவிப்பு. பிணையில்லாமல் வந்தவரைப் பிணைக்கைதி ஆக்காதீர்கள்.

லாயத்துக்காரர்:
4 வாரம் போதாது, 8 என்று போடுங்கள். முன்னறிவிப்பு இருபக்கமும் ஒரே அளவு இருந்தால் சம்மதம். குதிரையை விற்பதானாலும் அதே ஒரு மாதம்.

கருங்குளம்பு:
8 அதிகம், 6-இல் நில்லுங்கள். அதோடு ஏறுகிற முறையையும் எழுதுங்கள். சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக வைத்துக்கொள்ளும் வரம்பு: 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. தாண்டல் பயிற்சி இருவருக்கும் சேர்த்து வாரம் இத்தனை முறை என்று இருக்கணும். ஆளுக்கு இரண்டு என்றால் குதிரைக்கு நாலு. கடிவாளமும் இருவருக்கும் ஒன்றே இருக்கணும். ஒரு பலகையில் தினமும் எழுதுங்கள்: என்ன தின்றது, லத்தி எப்படி, எவ்வளவு நேரம் ஏறினோம், வார் பட்ட இடத்தில் புண் உண்டா.

பிடரி:
பங்குதாரர் சொந்தச் சேணம் கொண்டுவரலாமா?

கருங்குளம்பு:
குதிரை முதுகுக்குப் பொருந்துகிறதென்று சேணம் பொருத்துகிறவர் பார்த்துச் சொன்ன பிறகுதான். அந்தச் செலவு அவருடையது. தோள் எலும்புக்குப் பின்னால் மயிர் வெளுத்தாலோ, ஏறி இறங்கியபின் வியர்வைக்கு நடுவில் உலர்ந்த திட்டு தெரிந்தாலோ, அந்தச் சேணத்தை அன்றே நிறுத்தணும்.

லாயத்துக்காரர்:
இதில் எனக்கு மறுப்பில்லை. 6 வாரத்தில்தான் இன்னும் உடன்பாடில்லை.