தோட்டத்துச் சாளை: கும்பினி வரி கொண்டு வந்ததா, முன்னாடியே இருந்ததா?

நொய்யல்கரை:
ஊர் நத்தத்தை (வீட்டு மனைப் பகுதியை) விட்டுக் குடும்பங்க கிணத்தடியில சாளை (காட்டு வீடு) போட்டுக் குடிபோனது, கும்பினிங்கற கிழக்கிந்தியக் கம்பெனியோட ரயத்துவாரி வரியாலதானுங்க. 1792க்கப்புறம் பாரமகாலில் (சேலம்-கிருஷ்ணகிரிப் பக்கம்) கும்பினி அதிகாரிங்க ரீடும் மன்றோவும் உருவாக்கின முறை அது. 1799க்கப்புறம் கோயமுத்தூர்ப் பக்கமும் வந்துச்சு. தீர்வை ஊர்ப்பேர்ல இல்லாம பட்டாதாரர் பேர்ல விழுந்தா, அவனவன் காட்டை அவனவன்தான் காக்கணும்.

காங்கயத்தான்:
1800ல கும்பினிக்காக இங்க சுத்திப் பாத்த புக்கானன், கவலை (மாடு கட்டித் தோல்பறியில தண்ணி) இறைக்கற தோட்டங்களை எழுதி வெச்சிருக்காரே. கிணறு கும்பினிக்கு முந்தியதுங்க.

நொய்யல்கரை:
கிணறு இருந்துச்சு, சரி. குடி இருந்துச்சா? பகல்ல இறைச்சுட்டு பொழுதோட ஊருக்குத் திரும்பலாமே. அ-பதிவேட்டுல (கிராம நிலக் கணக்கு ஏட்டுல) நத்தத்துக்கு வெளிய வீடே காணோம்.

காங்கயத்தான்:
எப்படிக் காணும்? பட்டாக் காட்டுல கட்டின சாளை பதிவேட்டுல வெறும் புன்செய்தான். வரிக்கு எழுதின ஏடுங்க அது.

மேட்டாங்காடு:
ரெண்டு பேரும் காகிதத்தை விட்டு மண்ணுக்கு வாங்க. சாளையைச் சுத்தி 10 மீட்டருக்கு ஒரு வரிசை நடந்து, 1 சதுர மீட்டர் கட்டத்துல ஓட்டாஞ்சில்லை (உடைஞ்ச மண்பாண்டத் துண்டை) எண்ணி எடை போடுங்க. எண்ணிக்கை மட்டும் போதாது. குடியிருந்த இடம்னா சில்லு பெருசு, முனை கூர்மை, சாம்பல் மண்ணும் அம்மி உடைசலும் கூடவே வரும். குப்பைக்குழி எருவோட வந்த சில்லு நகத்தளவு, முனை மழுங்கி, காடு பூரா சிதறிக் கிடக்கும். குளத்து வண்டல் அடிச்ச காடுன்னா இன்னும் வம்பு, ரொம்பப் பழைய காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகூட அதுல வந்திருக்கலாம். பாதிப்பேர் ஏமாறறது இங்கதான்.

நொய்யல்கரை:
சீமை ஓட்டு (தொழிற்சாலைக் கூரை ஓட்டு) முத்திரையை வெச்சுக் காலம் சொல்லலாமே? பாசல் மிஷன் மங்களூர்ல ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினது 1865.

காங்கயத்தான்:
அது கூரையோட வயசுங்க. சோளத்தட்டு வேய்ஞ்ச சுவத்து மேல பின்னாடி ஓடு மாத்தியிருப்பாங்க. பழைய ஓட்டைப் பிரிச்சு மாட்டுக்கொட்டாய்க்குப் போடறதும் வழக்கம்தானே.

மேட்டாங்காடு:
அடித்தரைக்குக் கீழ 1835 காலணா இருந்தா, தரை அதுக்கு முந்தினது இல்லை. எலிவளை வழியா இறங்கலைன்னு முதல்ல பாத்துக்குங்க.

நொய்யல்கரை:
ரயிலையும் சேருங்க. 1862ல போத்தனூருக்கு வந்ததுமே பருத்தி விலை...

மேட்டாங்காடு:
அதுக்கு வேற திரி போடுங்க. இங்க தோண்ட வேண்டியது கிணத்து மண்மேடு, அதாவது கிணறு வெட்டி வெளிய கொட்டின மண். பழைய நிலமட்டம் அதுக்கடியில மூடிக் கிடக்கும். அந்த மட்டத்துல அடுப்புச் சாம்பல் இருந்தா குடி முதல்ல, கிணறு அப்புறம். மேட்டுல அடியில செம்மண், மேல சரளை, அதுக்கு மேல பாறைத்துண்டுன்னு தலைகீழா அடுக்கியிருந்தா அது கிணத்தை முதல்ல வெட்டினப்பக் கொட்டினது. பாறைத்துண்டு மட்டும் தனியா ஒரு அடுக்கு ஏறியிருந்தா பின்னாடி ஆழப்படுத்தினது, அதை வெச்சுக் காலம் சொல்லாதீங்க.