சென்னை – திருச்சி: அப்பா ஓட்டினால் 20, நான் ஓட்டினால் 15. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உறையூர்வாசி:
1.2 லிட்டர் பெட்ரோல் கார், மேனுவல் கியர். தாம்பரத்திலிருந்து ஊருக்கு அடிக்கடி போய் வருகிறோம். அப்பா ஓட்டினால் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கிடைக்கிறது, நான் ஓட்டினால் 15-ஐத் தாண்டுவதில்லை. ஃபுல் டேங்க் அடித்துத்தான் கணக்குப் பார்க்கிறேன். அவர் 80-லேயே போவார், நான் 110. ஆனால் இருவரும் டாப் கியர்தானே? வேகம் மட்டும் இவ்வளவு குறைக்குமா? அப்புறம், இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சமாகுமா?

டூரிஸ்ட் வண்டிக்காரர்:
தம்பி, வேகம்தான் பெரிய காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-க்கும் 110-க்கும் நடுவே அது ஏறக்குறைய 1.9 மடங்கு ஆகிவிடுகிறது. டாப் கியர் போட்டாலும் காற்று விடாது.

ஆனால் பிரேக்கையும் பாருங்கள். ஒரு டன் எடையுள்ள கார் நின்ற இடத்திலிருந்து 80-ஐத் தொட, அந்த வேகத்துக்கு மட்டுமே சுமார் 30 மில்லி பெட்ரோல் போகும். 110 என்றால் 60-ஐ நெருங்கும். பிரேக்கை மிதித்தால் அவ்வளவும் வெறும் சூடு. வலது லேனில் லாரி போகும், நீங்கள் மிதிப்பீர்கள், வழி கிடைத்ததும் மறுபடி முறுக்குவீர்கள். 80-இல் போகிற அப்பாவுக்கு அந்த வேலையே இல்லை. பரனூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி டோல்கேட்டெல்லாம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள், வண்டி தானாகக் குறைந்து வரிசைக்குப் போய்ச் சேரும். மைலேஜுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

உறையூர்வாசி:
சரிண்ணே. காலை எடுத்ததும் கியர் இழுத்துப் பிடிக்கிறதே, அப்போது நியூட்ரல் நல்லதில்லையா?

டூரிஸ்ட் வண்டிக்காரர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. இப்போதைய இன்ஜெக்டர் வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால், இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) ஐடிலிங் அளவுக்கு, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் சும்மா ஓடும் அளவுக்கு அருகே இறங்கும்வரை, வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும். நியூட்ரலில் விடுவது பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். லேசான சரிவில் நியூட்ரலில் கூடுதல் தூரம் உருளும், உண்மைதான். அதற்காக அதைப் பழகாதீர்கள். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில். பிரேக் ரொம்பச் சூடேறிப்போனால் மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

சேலத்துக்காரன்:
கம்பெனி சொல்கிற மைலேஜோடு ஒப்பிடாதீர்கள் நண்பரே. அது ஆய்வகத்தில், 90-ஐத் தாண்டாத சோதனையில் அளந்தது. ஊருக்குக் கிளம்பும் முன் டயர் சூடாகாதபோதே காற்றைப் பாருங்கள். எவ்வளவு வேண்டுமென்று டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருப்பார்கள். நான்கு பேரும் சாமானும் என்றால் அதிலேயே ஃபுல் லோடுக்குத் தனி அளவு இருக்கும், அதை வையுங்கள்.