மறுமொழி: 'ஒளி ஒவ்வாமை' வேண்டாமே

வணக்கம். முகப்பரு மாத்திரைகளின் துண்டறிக்கையில் பக்கவிளைவுகளுக்கு என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற இழைக்கு என் மறுமொழி இது. முதலில் ஃபோட்டோசென்சிட்டிவிட்டி, அதாவது மருந்து சாப்பிடும்போது வெயில் பட்ட தோல் எளிதில் எரிந்து சிவப்பது.

> முகப்பரு மாத்திரைத் துண்டறிக்கையில் ஃபோட்டோசென்சிட்டிவிட்டிக்கு 'ஒளி ஒவ்வாமை' என்றே போட்டுவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான் ஐயா, சிக்கலே அங்கேதான். ஒவ்வாமை என்று படித்ததும் அலர்ஜி என்று எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் "எனக்கு டாக்ஸிசைக்ளின் ஆகாது" என்பார்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் இந்த நுண்ணுயிர்க்கொல்லிதான் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் முதலில் கை போகும் மருந்து. அன்றைக்கு நம்முடைய ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கும்.

டாக்ஸிசைக்ளினில் பெரும்பாலும் நடப்பது அலர்ஜியே அல்ல. தோலில் இருக்கும் மருந்து புற ஊதா ஏ கதிரை உறிஞ்சி, அந்த ஆற்றலால் சுற்றியுள்ள செல்களைச் சிதைக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டு வருவதல்ல என்பதால், முன்பு அந்த மருந்தே சாப்பிடாதவருக்கும் வரும். மருந்தின் அளவு கூடினால் எரிச்சலும் கூடும். வெயில் பட்ட இடத்தில்தான் வரும்: மூக்கு, கன்னம், புறங்கை. சட்டைக் கழுத்து தொடங்கும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் சிவப்பு நின்றுவிடும். சிலருக்கு நகமே சதையை விட்டு விலகும். உண்மையான ஒளி ஒவ்வாமைக்கு உடல் அந்த மருந்தை முன்பே அறிந்திருக்க வேண்டும். அரிப்போடு படையாக வரும், துணி மூடிய இடத்துக்கும் பரவலாம். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைப்போம்.

'ஒளிக்கூச்சம்' அழகான சொல்தான், ஆனால் வெளிச்சத்தில் கண் கூசுவதற்கு அது ஏற்கெனவே புழங்குகிறது. இன்னொரு முகப்பரு மாத்திரையான ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவருக்குக் கண் வறண்டு அந்தக் கூச்சமும் வரக்கூடும். ஒரே தாளில் இரண்டுக்கும் ஒரு சொல் ஆகாது. மருந்தும் வெயிலும் சேர்ந்து செல்களைச் சிதைப்பதைக் குறிக்கும் 'ஒளிநச்சுமை' பாடநூலுக்குச் சரி. நோயாளி கையில் கொடுத்தால் மாத்திரையில் விஷம் இருக்கிறது என்றுதான் படிப்பார்.

என் பரிந்துரை: வெயில் தாளாமை. வீட்டில் "வெயில் தாளல" என்று சொல்வதிலிருந்து ஒரு படி தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். பேருந்தின் சன்னலோரம் கண்ணாடி வழியே விழுவதும் வெயில்தானே. புற ஊதா ஏ அதன் வழியேயும் வரும். சேர்த்து எழுதி 'வெயிற்றாளாமை' ஆக்கச் சிலருக்குக் கை துறுதுறுக்கும். வெயிலைத் தாளாமை என்று விரிவதால் பால் குடித்தான்போல இயல்பாகவே நிற்கட்டும்.

> கெய்லைட்டிஸ் = உதட்டழற்சி

பாடநூலுக்கு எனக்கு மறுப்பில்லை. துண்டறிக்கைக்கு 'உதட்டு வறட்சி' போதும். ஐசோட்ரெட்டினாயின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும், மேல்தோலையும் மெல்லிதாக்கும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதடு காய்ந்து உரியும், வாயோரம் வெடிக்கும். உதடு காயவே இல்லையென்றால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் சந்தேகப்படுவதும் உண்டு. எதிர்பார்த்தே கொடுக்கும் விளைவுக்குப் பெரிய நோய்ப்பெயர் சூட்டிப் பயமுறுத்துவானேன்? வாசலின் தடவச் சொல்லும் வரி பக்கத்திலேயே வரட்டும்.

அதைவிட அவசரம் 'ஸ்கின் ஃப்ரஜிலிட்டி', அதே மாத்திரையால் தோல் எளிதில் உரிவது. 'தோல் நொய்மை' என்று போட்டு, அழகு நிலையத்தில் மெழுகு வைத்து முடி எடுத்தால் தோலும் சேர்ந்து உரியும், மாத்திரை நிறுத்தி ஆறு மாதம் வரை வேண்டாம் என்று எழுதிவிடலாம். நொய்யரிசி தெரிந்தவர்களுக்கு நொய்மை தெரியும்.

மினோசைக்ளின் என்ற முகப்பரு மாத்திரையால் தோலில் படியும் நீலச்சாம்பல் நிறத்துக்கு 'மருந்து மங்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். மங்கு என்றால் முகத்தில் வரும் பழுப்பு. இது பழைய பருத் தழும்பிலும் முழங்காலுக்குக் கீழும்கூட வரும். 'மருந்துக் கறை' என்றே வைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.