கொரியர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் ஒரே புத்தாண்டா? கவரில் எவ்வளவு வைப்பது?

செம்பூர் உமா:
பிப்ரவரி 17 செவ்வாய்க்கிழமை மதியம் என் கணவரின் கொரிய மேனேஜர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரி, பார்லர் வைத்திருக்கும் என் தோழி வீட்டில் விருந்து. அவர்கள் சீனக் குடும்பம், நாலு தலைமுறையாக மும்பை, இந்தி நம்மைவிட நன்றாக வரும். இரண்டு பேருமே புத்தாண்டு என்கிறார்கள். கொரியர்களிடம் போய் ‘சைனீஸ் நியூ இயர்’ வாழ்த்து சொல்லலாமா? இரண்டு வீட்டிலும் குழந்தைகள் உண்டு, வழக்கம்போல ஒரு ரூபாய் ஒட்டிய கவரில் 501 வைத்தால் போதுமா? தோழிக்கென்று இவர் ஒரு சுவர்க் கடிகாரம் வேறு வாங்கி வந்திருக்கிறார். அதோடு 17 அமாவாசை, எங்கள் வீட்டில் அன்று அசைவம் கிடையாது.

மாட்டுங்கா கணேசன்:
கொரியர்களிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள் மேடம். நம்மிடம் வந்து ‘ஹேப்பி உகாதி’ என்றால் எப்படியோ அப்படித்தான். அவர்கள் புத்தாண்டின் பெயர் ‘சொல்லால்’. ‘சேஹே போக் மானி பதூசெயோ’ என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாலும் சந்தோஷப்படுவார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கொரியக் கம்பெனியில் இருந்தபோது எனக்கு இதுவே பெரிய பாடம். இந்த நாளுக்காக அவர்கள் நிறையக் காத்திருந்தவர்கள், 1985இல்தான் அரசு ஒருநாள் விடுமுறை கொடுத்தது, சொல்லால் என்ற பெயரும் மூன்று நாள் விடுமுறையும் 1989இல்தான் வந்தன.

குழந்தைகள் தரையில் மண்டியிட்டு விழுந்து கும்பிடுவார்கள், நம்மூர் நமஸ்காரம் மாதிரியே. கும்பிட்ட பிறகு பணம் கொடுங்கள், முன்னால் இல்லை. வெள்ளைக் கவர் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பெயரைச் சிவப்பு மையில் எழுதாதீர்கள், அது இறந்தவர்களுக்கு.

சயான் செல்வி:
தோழி வீட்டில் இது அப்படியே தலைகீழ் உமாக்கா! அங்கே வெள்ளைக் கவர்தான் சாவு வீட்டுக்கு, சிவப்புக் கவர் வாங்குங்கள். 501ஐ மறந்துவிடுங்கள், ஒற்றைப்படைப் பணமும் துக்கத்துக்குத்தான். 600 அல்லது 800 வையுங்கள், 4 எங்கேயும் வர வேண்டாம், அவர்கள் மொழியில் அது சாவு என்ற சொல் மாதிரி ஒலிக்கும். கவரில் ஒட்டியிருக்கும் ஒரு ரூபாயைக் கண்டிப்பாகப் பிய்த்துவிடுங்கள், கணக்கே கெட்டுவிடும். கல்யாணம் ஆனவர்கள் ஆகாதவர்களுக்குக் கொடுப்பது வழக்கம், அதனால் முப்பது வயது மச்சினர் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நின்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

கடிகாரம் வேண்டவே வேண்டாம். ‘கடிகாரம் கொடுப்பது’ என்பதும் ‘இறுதிக் கடன் செய்வது’ என்பதும் சீனத்தில் ஒரே ஒலி. நாக்பூர் ஆரஞ்சு ஜோடி ஜோடியாக வாங்கிப் போங்கள், அதைவிட நல்ல சகுனம் கிடையாது. ‘உங்களுக்குச் சொந்த ஊர் எது, சீனாவில் எங்கே’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு இங்கே பிறந்த சீனர்களையே ராஜஸ்தான் தேவ்லி முகாமில் அடைத்து வைத்தார்கள், நிறையப் பேர் நாட்டை விட்டே போனார்கள். மிஞ்சியவர்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் உறுத்தும்.

வாஷி மூர்த்தி:
அமாவாசை தற்செயல் இல்லை. அவர்கள் மாதமே அமாவாசையன்று பிறக்கும், அதனால் பல வருஷங்களில் இந்தச் சிக்கல் இருக்கும். அடுத்த வருஷம் இன்னும் வேடிக்கை. அமாவாசை பெய்ஜிங்கில் நள்ளிரவுக்குச் சில நிமிஷம் முன்னால் விழுகிறது, சியோல் நேரம் ஒரு மணி முன்னால் ஓடுவதால் அங்கே தேதி மாறிவிடும். எனவே 2027இல் சீனர்களுக்குப் பிப்ரவரி 6, கொரியர்களுக்கு 7.

சாப்பாட்டுக்கு: கொரியர் வீட்டில் அரிசிக் கேக் போட்ட ‘தொக்குக்’ சூப்தான் அன்று முக்கியம், ஒரு கிண்ணம் சாப்பிட்டால் ஒரு வயது கூடும் என்பார்கள், ஆனால் வழக்கமாக மாட்டுக்கறிச் சாறு. இப்போதே சொல்லிவிடுங்கள். ‘இன்று எங்கள் முன்னோர் நாள், கறி சாப்பிடமாட்டோம்’ என்றால் போதும், விளக்கமே தேவைப்படாது. அவர்களும் அன்று காலை முன்னோருக்குப் படையல் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள்.

செம்பூர் உமா:
எல்லோருக்கும் நன்றி. மேனேஜர் மனைவிக்குச் சொன்னேன், காளான் சாறு வைக்கிறாராம். தோழி 16 ராத்திரி சாப்பிட்டதும் மஜ்காவ் சீனக் கோவிலுக்குக் கூட்டிப்போகிறாளாம், டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம்தானே, இத்தனை வருஷம் ஹார்பர் லைனில் போயும் அப்படி ஒரு கோவில் இருப்பதே தெரியாது.

கடிகாரத்தைச் சமையலறையில் மாட்டியாகிவிட்டது. இவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.